கிக்கர் லேசாக இறங்குதா? இன்ஜினைப் பிரிக்கும் முன் இதைப் பாருங்க

பழைய 100 சிசி வண்டியில் கிக்கர் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம்) குறைஞ்சிருக்கு. உடனே மெக்கானிக்குகள் "போர் போடணும்", அதாவது தேய்ஞ்ச சிலிண்டரைக் கடைஞ்சு பெரிய பிஸ்டன் மாட்டணும் என்பார்கள். அவசரப்படாதீங்க.

முதலில் இன்ஜின் ஆறியிருக்கும்போது டேப்பட் கேப், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் டேப்பட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்க. டைட்டாக இருந்தால் வால்வு முழுசா மூடாது, காற்று கசியும். பாதிச் செலவு இதிலேயே மிச்சமாகலாம்.

அது சரியாக இருந்தால் அடுத்தது கம்ப்ரஷன் கேஜ், அதாவது அந்த அழுத்தத்தை அளக்கும் மீட்டர். இன்ஜினைச் சூடாக்கி, பெட்ரோலை மூடி, இக்னிஷனை ஆஃப் பண்ணி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் கேஜை மாட்டுங்க. ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகிப் பிடிச்சுக்கிட்டு முள் இனிமேல் ஏறாமல் நிற்கும் வரை உதைக்கணும். பலர் ஆக்சிலேட்டரைத் திருகாமல் உதைத்துவிட்டு, அளவு குறைவு என்று பயப்படுகிறார்கள்.

அப்புறம் பிளக் ஓட்டையில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி உதைங்க. முள் நல்லா ஏறினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ஞ்சிருக்கு. ஏறவே இல்லையென்றால் வால்வு அல்லது ஹெட் காஸ்கெட்டில் (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவில் உள்ள தகடு) கசிவு. இந்த ஆயில் சோதனை ஃபோர் ஸ்ட்ரோக்குக்குத்தான்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் தினமும் போறவங்க ஏர் ஃபில்டரைத் தட்டித் தட்டி ஓட்டாதீங்க. அந்தப் புழுதி உள்ளே போனால் ரிங்கைத்தான் முதலில் தின்னும். புது ஃபில்டர் விலை, போர் வேலைக் கூலிக்குப் பக்கத்தில்கூட வராது.