மூட்டுவாதக் குளிசையும் பக்கவிளைவும்: நாங்கள் விடும் தவறுகள்

விடியவே கிளினிக்குக்குப் போய் நம்பர் எடுத்து, வாங்கில் இருந்தபடி பக்கத்திலிருப்பவரிடம் ஒங்காளம், வாய்ப்புண், முடி கொட்டுவது என்று எல்லாம் சொல்லித் தீர்ப்போம். உள்ளே டொக்டர் “எப்படி இருக்கு?” என்றதும் “பரவாயில்லை ஐயா” என்போம். சொன்னால் ஏசுவார், மருந்தை நிற்பாட்டிவிடுவார் என்ற பயம். பிறகு வீட்டுக்கு வந்து நாங்களே நிற்பாட்டுவோம்!

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தைப் போட்ட மறுநாள் ஒங்காளமும் அசதியும் பலருக்கு வரும். அதற்கு வழி இருக்கிறது: போலிக் அமிலம் என்ற விற்றமின் குளிசையைச் சேர்க்கலாம், அளவைக் குறைக்கலாம், குளிசைக்குப் பதில் ஊசி போடலாம். டொக்டருக்கு விஷயம் தெரிந்தால்தானே செய்வார்? தானாக நிற்பாட்டியவருக்கு முதல் ஒன்றிரண்டு கிழமை வித்தியாசம் தெரியாது. அப்புறம் ஒரு காலையில் விரல் மடங்காது, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாது.

இதைவிடப் பெரிய தவறு, கிழமைக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டிய அந்த மருந்தைத் தினமும் போடுவது. எலும்பு மச்சையில் இரத்த அணுக்கள் உருவாவது தடைப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். மெத்தோட்ரெக்ஸேட்டும் போலிக் அமிலமும் இரண்டுமே சின்ன மஞ்சள் குளிசையாக இருப்பதுண்டு. கண் மங்கிய ஆச்சியிடம் இரண்டையும் ஒரே சரையில் கொடுக்காதீர்கள். வெள்ளிக்கிழமை என்றால் ‘வெள்ளி மட்டும்’ என்று பெரிதாக எழுதி வையுங்கள். காய்ச்சல், தொண்டை நோ, வாய்ப்புண், புதிதாக வரட்டு இருமல், மூச்சு வாங்குதல் வந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்கக் கூடாது. இரத்தப் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள். ஈரல் பாதிப்பு உடம்பில் தெரியுமுன் அதில்தான் தெரியும்.

பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையின் கதை வேறு. நோவு சட்டென்று குறையும், ஆனால் முகம் ஊதும், சீனி ஏறும். முகத்தைப் பார்த்துப் பயந்து ஒரேயடியாக விடுவது ஆபத்து. சில கிழமைகளுக்கு மேல் போட்டவரின் உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீரொயிட்டைக் குறைத்திருக்கும். சடுதியாக நிறுத்தினால் பிரஷர் இறங்கி மயங்கி விழலாம். கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் என்று குளிசையை விடுவதும் இதே தவறுதான். முருகன் கோபிக்க மாட்டார், டொக்டரிடம் கேட்டுவிட்டு விரதம் பிடியுங்கள்.

விரத நாளில் தண்ணீரும் குடிக்காமல் வெறும் வயிற்றில் டைக்ளோபெனாக் என்ற நோ மருந்தைப் போடுபவர்களும் உண்டு. பிரஷர் குளிசையும் எடுப்பவரென்றால் சிறுநீரகம் அடிவாங்கும். போதாததற்குக் கனடாப் பார்சலில் வந்த ஐபுப்ரோபென்னும் சேரும், ‘வெளிநாட்டுக் குளிசை’ அல்லவா! இரண்டும் ஒரே இனம். சேர்த்துப் போட்டால் கூடுவது வயிற்றுப்புண் அபாயம்தான். மலம் தார் போல் கறுத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் வேறு மருந்துகளும் உண்டு. சல்பாசலசினில் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதற்குப் பயப்படத் தேவையில்லை. ஹைட்ரொக்சிகுளோரோகுயின் வருடக்கணக்கில் போடுபவர்கள் கண் பரிசோதனையை விடக் கூடாது.

கடைசியாக, கலியாணம் பேசும் வீட்டில் பெண்ணுக்கு மூட்டுவாதம் என்பதை மறைப்பதுண்டு. மாப்பிள்ளை வீட்டாரிடம் எப்போது சொல்வது என்பது உங்கள் விருப்பம். டொக்டரிடம் கலியாணத்தை மறைக்காதீர்கள். மெத்தோட்ரெக்ஸேட்டும், லெப்லுனோமைட் என்ற இன்னொரு மூட்டுவாத மருந்தும் கருவைப் பாதிக்கும். கருத்தரிப்பதற்கு நன்றாக முன்பே டொக்டரிடம் கேட்டு மருந்தை மாற்ற வேண்டும். கர்ப்ப காலத்திலும் போடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, ஹைட்ரொக்சிகுளோரோகுயின் அவற்றில் ஒன்று.