யூதரைப் பார்த்திராத வகுப்பில் யூத வெறுப்பு, இனப்படுகொலை பற்றிப் பாடம் நடத்துவது எப்படி?

கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களிடம், பாடத்தைத் தொடங்கும் முன்பே, "யூதர்கள் என்றால் யார்?" என்று கேட்டு, வரும் விடைகளைத் திருத்தாமல் அப்படியே ஒரு சார்ட் தாளில் எழுதி வையுங்கள். பைபிளில் வருகிறவர்கள், இயேசுவைக் கொன்றவர்கள், வட்டிக்கு விடுகிறவர்கள், உலகத்தையே ரகசியமாக ஆட்டிவைக்கிறவர்கள் என்பவை என் வகுப்புகளில் ஏறக்குறைய ஆண்டுதோறும் வந்த விடைகள். அடுத்து, "உங்களில் யாராவது ஒரு யூதரை நேரில் பார்த்ததுண்டா?" என்று கேளுங்கள். ஆரோவில் பக்கத்திலிருந்து வரும் பிள்ளை ஒன்று எப்போதாவது கை தூக்கும்; மற்றபடி ஒருவரும் தூக்கமாட்டார்கள். பார்த்தே இராத மக்களைப் பற்றி இவ்வளவு உறுதியான கருத்துகள் நம் தெருவரை எப்படி வந்து சேர்ந்தன என்பதுதான் முதல் பாடவேளையின் பொருள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். கடைசி நாளில் வேண்டியிருக்கும்.

விடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். இயேசுவும் அவருடைய தாயும் முதல் சீடர்களும் யூதர்களே என்று நான் சொன்னபோது, "அப்படியானால் வில்லியனூர் மாதாவும் யூதரா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள், ஆம் என்றதும் வகுப்பு சிறிது நேரம் பேசவில்லை. இயேசுவின் சாவுக்கான பழியை அன்று வாழ்ந்த யூதர் அனைவர் மீதோ இன்றைய யூதர் மீதோ சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையே 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்ததையும் சொல்லிவிடுங்கள்.

வட்டிக் கதைக்கு இன்னும் கொஞ்சம் விளக்கம் தேவை. இடைக்கால ஐரோப்பாவின் பல பகுதிகளில் யூதர்கள் நிலம் வைத்துக்கொள்ளவும் கைவினைச் சங்கங்களில் சேரவும் முடியாமல் தடுக்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை சொன்னது. ஆனால் கடன் இல்லாமல் அரசர்களால் காலம் தள்ள முடியவில்லை. ஆகவே யூதர் சிலர் அந்தத் தொழிலுக்குத் தள்ளப்பட்டார்கள், பிறகு அதற்காகவே வெறுக்கப்பட்டார்கள். கந்துவட்டிக்காரரை 'ஷைலாக்' என்று தமிழிலேயே திட்டுகிறோம் அல்லவா? அந்தப் பாத்திரத்தை ஷேக்ஸ்பியர் படைத்தது 1590களில். இங்கிலாந்து தன் யூதர்களை வெளியேற்றியதோ 1290இல். அதாவது, யூதர் எவரும் யூதராக வெளிப்படையாக வாழ முடியாத நாட்டில், முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட யூதர் அவர். நம் வகுப்பின் நிலையும் அதுதான் என்பதை மாணவர்களே கண்டுகொள்வார்கள்.

'உலகை ஆள்கிறவர்கள்' என்ற விடை இலுமினாட்டி காணொளிகள் வழியாக வருகிறது. அதன் வேர்களில் முக்கியமான ஒன்று, 1903இல் ரஷ்யாவில் அச்சான 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' என்ற போலி ஆவணம். மூன்றாம் நெப்போலியனைக் கேலி செய்த பழைய பிரெஞ்சு நூலொன்றிலிருந்து பத்தி பத்தியாக எடுத்து ஒட்டியது அது என்பதை லண்டன் டைம்ஸ் நாளிதழ் 1921இலேயே நிறுவிவிட்டது. போலி என்று தெரிந்த பிறகும் ஹிட்லரின் நாஜிக் கட்சியினர் அதைப் பரப்பினார்கள்.

அழிவுக்குப் போகும் முன் வாழ்க்கையைக் காட்டுங்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட யூதத் தொழுகைக்கூடம் இன்றும் இருக்கிறது. கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுக் கட்டிப் பாடியவர்கள். பத்தாம் வகுப்பு என்சிஇஆர்டி ஆங்கிலப் பாடநூலில் பல ஆண்டுகளாக இடம்பெற்றுவந்த, நாஜிகளிடமிருந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் பிராங்க்கின் நாட்குறிப்புப் பகுதியையும் இங்கே கொண்டுவரலாம். வகுப்பில் வாயாடியதற்காகக் கணக்கு வாத்தியார் கட்டுரை எழுதச் சொல்ல, அவரையே சிரிக்கவைத்து அவள் தப்பித்துக்கொள்ளும் பகுதி அது. அந்தச் சிரிப்போடு அன்றைய வகுப்பை முடித்துவிடுங்கள். 15 வயதில் அவள் பெர்கன்-பெல்சன் என்ற நாஜி வதைமுகாமில் இறந்தது அடுத்த நாள் தெரிந்தால் போதும்.

என் அனுபவத்தில் பலன் தந்த பயிற்சி சீட்டுப் பயிற்சிதான். ஜெர்மனியில் யூதருக்கு எதிராக வந்த ஆணைகளை ஆண்டு குறிப்பிடாமல் தனித்தனிச் சீட்டுகளில் எழுதிக் குழுக்களுக்குக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். யூத ஆசிரியர்களையும் அரசு ஊழியர்களையும் வேலைநீக்கம் செய்தது 1933. குடியுரிமையைப் பறித்து, கலப்புத் திருமணத்தைத் தடுத்த நியூரம்பர்க் சட்டங்கள் 1935. பெயரைக் கேட்டதும் யூதர் என்று தெரியாவிட்டால், ஆண்கள் 'இஸ்ரேல்', பெண்கள் 'சாரா' என்று கூடுதல் பெயர் சேர்க்க வேண்டும் என்றது 1938. யூதப் பிள்ளைகளை மற்றப் பள்ளிகளிலிருந்து நீக்கியதும் அதே ஆண்டு நவம்பரில். ஆறு வயதுக்கு மேற்பட்டவர் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைக்க வேண்டும் என்றது 1941. வீட்டில் நாய், பூனை வளர்க்கக் கூடாது என்றது 1942. பெரும்பாலான குழுக்கள் நாய்ச் சீட்டை முதலிலேயே வைத்துவிடும், அற்பமான விஷயம் என்பதால். அந்த ஆண்டிலேயே யூதர்களைச் சாவு முகாம்களுக்கு ரயிலேற்றிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லும்போது சீட்டைக் கையில் வைத்திருக்கும் பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள்.

பிறகு ஒரு கேள்வி: இந்த ஆணை எந்த ஆபீஸில் டைப் அடிக்கப்பட்டிருக்கும், யார் முத்திரை குத்தியிருப்பார்? ஹிட்லர் என்ற ஒரு பைத்தியக்காரன்தான் எல்லாவற்றையும் செய்தான் என்ற எண்ணம் இந்தக் கேள்வியில்தான் ஆட்டம் காண்கிறது. தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூதர் என்றால், மதம் மாறியிருந்தாலும் நீ யூதனே என்று சட்டம் சொன்னதைக் கேட்டவுடன், "சாதிச் சான்றிதழ் மாதிரியா சார்?" என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். தட்டிக்கழிக்க வேண்டாம். பிறப்பால் ஒட்டிக்கொள்வது, ஊருக்கு வெளியே ஒதுக்குவது, தொட்டால் தீட்டு என்பது ஆகியவற்றில் ஒப்புமை உண்டு. ஆனால் சான்றிதழ் இன்று உரிமை பெறுவதற்கான தாள். அந்த நாட்டில் அது உரிமையைப் பறிப்பதற்கான தாள். சாதி ஒரு பிரிவினரைக் கீழே அழுத்திவைத்து அவர்கள் உழைப்பில் வாழ்ந்தது. நாஜிகளின் இறுதி நோக்கமோ யூதர் ஒருவரும் மிஞ்சக் கூடாது என்பது. ஒப்புமையும் வேறுபாடும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

புதுச்சேரி ஆசிரியர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. சொல்தா குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கு, பிரான்சு அந்நிய நாடு அன்று. 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸில் ஏறத்தாழ 13,000 யூதர்களை, அவர்களில் 4,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை, வீடு வீடாகப் போய்ப் பிடித்தது பிரெஞ்சுப் போலீஸ்தான். பிரெஞ்சு அரசின் பொறுப்பை ஜனாதிபதி சிராக் ஒப்புக்கொள்ள 1995 வரை ஆனது. இதே காலத்தில், 1940 செப்டம்பரில், புதுச்சேரி ஆளுநர் பொன்வேன் ஜெர்மனியோடு ஒத்துப்போன பிரான்சின் விஷி அரசை விட்டு, ஜெர்மனியை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த பிரெஞ்சுத் தளபதி தெ கோலின் பக்கம் சேர்ந்தார். ஒரே நாட்டின் அதிகாரிகள் வேறு வேறு முடிவெடுத்தார்கள் என்பது மாணவர் மனத்தில் பதிய வேண்டும்.

சில எச்சரிக்கைகள். நான் முதல்முறை இந்தப் பாடத்தை நடத்தியபோது பிணக்குவியல் படங்களைப் புரொஜெக்டரில் போட்டேன். இரண்டு பையன்கள் சிரித்தார்கள், ஒரு பெண் பிள்ளை வெளியே போய் வாந்தி எடுத்தாள். பாடம் அத்தோடு முடிந்தது. சிரித்தவர்களும் பயந்துபோய்த்தான் சிரித்தார்கள் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. கொல்லப்பட்ட யூதர்கள் ஏறத்தாழ அறுபது லட்சம் என்ற எண்ணைச் சொல்லுங்கள். ஆனால் ஒரு குடும்பத்தின் படத்தைக் காட்டுங்கள். முகாம் காவலராகவும் கைதியாகவும் நடிக்கச் சொல்லாதீர்கள். அது விளையாட்டாகவோ கொடுமையாகவோதான் முடியும். கிருகப்பிரவேசத்துக்கு வரைகிற ஸ்வஸ்திக் பற்றியும், நேதாஜி ஹிட்லரைச் சந்தித்தது பற்றியும் கேள்வி வரும். முன்னது நாஜிகளுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. பின்னது 1942இல் நடந்தது. இரண்டுக்கும் சுருக்கமாக விடை சொல்லி மேலே போகலாம்.

'இனப்படுகொலை' என்ற சொல்லைக் கடைசியில் வையுங்கள். அதற்கு இணையான ஆங்கிலச் சொல்லை உருவாக்கியவர் போலந்து யூத வழக்கறிஞர் ராபேல் லெம்கின். அச்சில் வந்தது 1944. ஐ.நா. உடன்படிக்கை 1948 டிசம்பர் 9 அன்று ஏற்கப்பட்டது. ஒரு தேசிய, இன, மதக் குழுவை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்பட்டதா என்பதே அதன் உரைகல். எத்தனை பேர் இறந்தார்கள் என்பது மட்டும் அன்று. ருவாண்டா 1994, பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா 1995 ஆகிய இரண்டு படுகொலைகளையும் சர்வதேசத் தீர்ப்பாயங்கள் இந்த அளவுகோலால் நிறுத்துப் பார்த்து இனப்படுகொலை என்றே தீர்ப்பளித்தன.

இங்கே முள்ளிவாய்க்கால் வரும். கீழ்ப்புதுப்பட்டு இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் உறவினர் உள்ள பிள்ளை வகுப்பில் இருக்கலாம். அந்தப் பிள்ளையைச் சாட்சி சொல்ல அழைக்காதீர்கள், தானாகப் பேசினால் தடுக்காதீர்கள். இறுதிப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் கூறியதையும், கனடா நாடாளுமன்றம் 2022இல் அதை இனப்படுகொலை என ஏற்றதையும், எந்தச் சர்வதேச நீதிமன்றமும் இன்னும் தீர்ப்பளிக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். காசாவும் வரும். ஹமாஸ் இஸ்ரேல் மீது நடத்திய 2023 அக்டோபர் 7 தாக்குதலையும், அதன் பின் காசாவில் நிகழ்ந்த பெருஞ்சாவுகளையும், இனப்படுகொலை உடன்படிக்கையின் கீழ் தென்னாப்பிரிக்கா இஸ்ரேல் மீது தொடுத்த வழக்கையும் மறைக்காமல் பேசலாம். இஸ்ரேல் அரசைக் கண்டிப்பது ஒன்று. அதற்காக 'யூதர்களே இப்படித்தான்' என்பது வேறொன்று. இரண்டாவது வாக்கியம் முதல் நாள் சார்ட் தாளில் ஏற்கனவே இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்போது தாளை அவர்கள் கையிலேயே கொடுத்து, அடிக்க வேண்டியதை அவர்களே அடிக்கட்டும். இதை மட்டும் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையில் வைத்துக்கொள்ளாதீர்கள். மணி அடித்த பிறகும் இரண்டு மூன்று பேர் மேசையைச் சுற்றி நிற்பார்கள். அவர்களுக்குப் பேச நேரம் வேண்டும்.