சி.எல்.லா, இ.எல்.லா? அரசுப் பணிக்குப் புதிதாக வந்தவர்கள் விடுப்பு எழுதும் முறை

நான் கோபிப் பக்கம் இளநிலை உதவியாளராக இருந்தபோது அண்ணனுக்குக் கல்யாணம் வந்தது. உடன்பிறந்தவள் இல்லாமல் இணைச்சீர் (மாப்பிள்ளைக்குச் சகோதரியோடு நடக்கும் கல்யாணச் சடங்கு) ஏது? கையில் மிச்சம் இருந்ததே இரண்டு தற்செயல் விடுப்பு (சி.எல்.). திங்கள், செவ்வாய்க்கு அதைப் போட்டு, புதன் முதல் வெள்ளி வரை ஈட்டிய விடுப்பு (இ.எல்.) எழுதிக் கொடுத்தேன். "சி.எல்.லும் இ.எல்.லும் ஒட்டாது அம்மிணி" என்று கண்காணிப்பாளர் தாளைத் திருப்பித் தந்தார்.

அதனால் முதல் வேலை, காலண்டரை எடுத்து வைத்து நாட்களை எண்ணுவது. தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். அரை நாளாகவும் எடுக்கலாம். மிச்சம் வைத்தால் டிசம்பர் 31-உடன் போய்விடும். சனி, ஞாயிறு இதில் கழியாது, ஆனால் அவற்றையும் சேர்த்து தொடர்ந்து 10 நாளுக்கு மேல் போகக் கூடாது. என்னிடம் ஐந்து சி.எல். இருந்திருந்தால், முன்னும் பின்னும் வரும் சனி ஞாயிறோடு 9 நாள், பிரச்சினையே இல்லை.

பண்ணாரி குண்டம் போன்ற திருவிழாவுக்கு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விட்டால் துள்ளிக் குதிக்காதீர்கள். ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாளாக வந்து நிற்கும்.

சி.எல். போதவில்லையா? முழுவதையும் ஈட்டிய விடுப்பாக எழுதுங்கள். நிரந்தரப் பணியாளருக்கு ஜனவரி 1, ஜூலை 1 என்று 15 நாட்களாக வரவாகும். 240 வரை சேரும். சேர்த்தது வீணாகாது, ஓய்வு பெறும்போது பணமாகும். 2020-இல் நிறுத்திய சரண்டரும் (பணியில் இருக்கும்போதே ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணம் பெறுவது) 1.10.2025 முதல் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் ஈட்டிய விடுப்பில் இடையில் வரும் ஞாயிறும் விடுப்புக் கணக்கே.

அப்புறம் விண்ணப்பம். காரணத்தை ஒரே வரியில் முடியுங்கள், இணைச்சீர்க் கதையெல்லாம் வேண்டாம். இப்படிப் போதும்: "சொந்தப் பணி காரணமாக திங்கள் முதல் வெள்ளி முடிய 5 நாட்கள் ஈட்டிய விடுப்பு வழங்கவும், முன்னும் பின்னும் வரும் சனி, ஞாயிறு விடுமுறைகளைச் சேர்த்து அனுபவிக்கவும், தலைமையிடத்தை விட்டு வெளியே செல்லவும் அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." அந்தக் கடைசி அனுமதியைத்தான், அதாவது வேலை பார்க்கும் ஊரை விட்டு வெளியே போவதற்கானதை, புதியவர்கள் மறப்பார்கள். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் செயலியிலும் விடுப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

கொடுத்துவிட்டால் கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். விதிப்படி விடுப்பு உரிமை அல்ல, அலுவலர் மறுக்கலாம். ஒப்புதல் வந்த பிறகு பஸ் ஏறுங்கள். திடீர்க் காய்ச்சல் என்றால் காலையிலேயே போனில் சொல்லிவிடுங்கள். மருத்துவ விடுப்பு எடுத்தால் திரும்பும்போது உடற்தகுதிச் சான்று வேண்டும்.

திரும்பி வந்ததும் பணியில் சேர்ந்ததாக எழுதிக் கொடுத்து, விடுப்புக் கணக்கில் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். என் கணக்கில் அந்த ஐந்து நாளும் ஈட்டிய விடுப்பாகத்தான் கழிந்தன. சி.எல். இரண்டும் அப்படியே இருக்க, அந்த வருடம் முடிவதற்குள் ஒரு காதுகுத்துக்குப் போய்த் தீர்த்தேன்.