மின்சார டிக்கி கதவு மக்கர் செய்கிறதா?

எஸ்யூவியின் டிக்கி கதவு பீப் பீப் என்று கத்திவிட்டுப் பாதியிலேயே நிற்கிறதா? மோட்டார் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். முதலில் பேட்டரி. வண்டி அணைந்திருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12-க்குக் கீழே போனால் கதவைத் தூக்கத் தெம்பு இருக்காது.

பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் வந்த கோளாறா? கையால் மெதுவாக முழுக்கச் சாத்தி, பூட்டு விழுந்ததும் பட்டனை அழுத்துங்கள். பல வண்டிகளில் இதுவே போதும். உங்கள் வண்டிக்கான முறை கையேட்டில் இருக்கும்.

மூடப்போய் மறுபடி திறந்துகொண்டால், ஓர ரப்பரையும் பூட்டுக் குழியையும் ஈரத்துணியால் துடையுங்கள். கொஞ்சம் மணல் அடைந்திருந்தாலும் தகராறுதான். துடைக்கும்போது குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பலரும் பார்க்காமல் விடும் இடம் ஒன்று உண்டு: கதவு கூரையோடு சேரும் இடத்தில் உள்ள கறுப்பு ரப்பர் குழாய். திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதற்குள் வயர்கள் மடங்குகின்றன. நாளடைவில் உறை வெடித்து, செம்புக் கம்பி தெரியும். பின்பக்க வைப்பர், நம்பர் பிளேட் விளக்கும் விட்டுவிட்டு வேலை செய்தால் சந்தேகமே வேண்டாம், புது மோட்டாருக்குப் பணம் கட்டும் முன் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் அந்த ரப்பரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.