படிக்கவும் படம் பார்க்கவும் ஒரு மலிவு டேப்லெட் வாங்கலாமா?

மெய்ப்பு பார்ப்பது என் பிழைப்பு. பகலெல்லாம் கணினி முன்னால் உட்கார்ந்து அடுத்தவர் எழுத்தில் ஒற்று தேடிவிட்டு, ராத்திரி கட்டிலில் சாய்ந்து எனக்குப் பிடித்ததைப் படிக்க வேண்டும். அப்புறம் அம்மாவோடு ஒரு படம். இதற்காக இதுவரை மூன்று மலிவு டேப்லெட்டுகள் வாங்கியாகிவிட்டது. முதலாவது இப்போது அலமாரி மேல் கடிகாரமாக நிற்கிறது. இரண்டாவதை ஐந்தாம் நாளே திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவது மூன்று வருடமாக ஓடுகிறது. மூன்றும் ஏறத்தாழ ஒரே விலைதான். முதல் இரண்டில் என்ன தவறு செய்தேன் என்பதைச் சொன்னால் உங்களுக்கு ஒரு டேப்லெட்டாவது மிச்சமாகும்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள். போன் சின்னதாக இருக்கிறதே என்று அலுத்துக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு துண்டுத் தாளில் குறித்துவையுங்கள். என் தாளில் வார முடிவில் இருந்தது இவ்வளவுதான்: பிடிஎஃப் ஆறு முறை, அம்மாவோடு படம் மூன்று முறை. நாவல் என்று ஒரு முறைகூட எழுதவில்லை. நாவலை நான் போனிலேயே சங்கடமில்லாமல் படித்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. இபப் என்ற மின்னூல் கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கி உட்கார்ந்துகொள்ளும். அதற்கு ஆறரை அங்குலப் போன் தாராளம்.

உங்கள் தாளில் நாவல், கட்டுரை மட்டுமே நிறைய இருந்தால் டேப்லெட்டை மறந்துவிட்டு, புத்தகம் படிக்க மட்டுமே ஆன ஈ-ரீடர் பக்கம் போங்கள். இப்போது வரும் ஈ-ரீடர்கள் பெரும்பாலும் அங்குலத்துக்கு 300 பிக்செல் (திரையின் நுண்புள்ளி) உள்ளவை. எடை பத்து அங்குல டேப்லெட்டில் பாதிகூட இருக்காது, ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வரும், வெயிலிலும் எழுத்து தெரியும். படம் ஓடாது என்பது குறை. சிலருக்கு அதுவே நிறை.

படம் பார்க்கத்தான் என்றால் ஒரு சின்னக் கணக்கு. ஆறரை அங்குலப் போனில் ஓடும் ஒரு சாதாரண அகலத்திரை வீடியோவோடு ஒப்பிட்டால், எட்டு அங்குல டேப்லெட்டில் படத்தின் பரப்பு இரண்டு மடங்கு. பத்து அங்குலத்தில் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல். ஆனால் போனை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கிறோம், டேப்லெட்டை மடியிலோ மேசையிலோ தள்ளி வைக்கிறோம். அதனால் தனியாகப் பார்ப்பவருக்கு இந்த மூன்று மடங்கு கண்ணில் அப்படியே தெரியாது. இரண்டு பேர் பார்க்கும்போதும், கையில் பிடிக்காமல் சாய்த்துவைத்துப் பார்க்கும்போதும்தான் வித்தியாசம் புரியும். வீட்டில் டிவி இருந்து, அது சும்மாவும் இருந்தால், படத்துக்காக மட்டும் டேப்லெட் வாங்குவது வீண் செலவு என்பது என் கட்சி.

பிடிஎஃப்பில் வரிகள் இபப் போல மடங்காது, பக்கம் அச்சடித்தபடியே நிற்கும். அதுதான் உங்கள் தொல்லை என்றால், ஒரு ஏ4 தாளை எடுத்து நடுவில் மடியுங்கள். கையில் இருப்பதுதான் கிட்டத்தட்ட பத்து அங்குல டேப்லெட்டின் திரை. அதை இன்னொரு முறை மடித்தால் எட்டு அங்குலத் திரைக்குப் பக்கத்தில் வரும், திரை நீளத்தில் இரண்டு சென்டிமீட்டர் கூட இருக்கும். ஒரு முழு ஏ4 பக்கத்தை இந்தப் பரப்புக்குள் அடைக்கப்போகிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். பத்து அங்குலத்தில் எழுத்து 65 சதவீதமாகச் சுருங்கும். 12 பாயின்ட் எழுத்து 8 பாயின்ட்டுக்கும் குறைந்துவிடும். எட்டு அங்குலத்தில் பாதிதான், 6 பாயின்ட். மருந்துச் சீட்டின் அடிக்குறிப்பு அளவு. என் முதல் டேப்லெட் எட்டு அங்குலம். கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று வாங்கினேன். கைக்கு அடங்கியது, கண்ணுக்கு அடங்கவில்லை.

அளவு சரியாக இருந்தாலும் பிக்செல் கவிழ்த்துவிடும், இதில்தான் தமிழ் படிப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மலிவு டேப்லெட்டுகளில் அடிக்கடி கண்ணில் படுவது 1280 x 800 என்ற திரை. பத்து அங்குலம் என்று சொல்லும் 10.1 அங்குலத் திரையில் இது அங்குலத்துக்கு 150 பிக்செல்கூடத் தேறாது. சற்று முன் சொன்ன சுருங்கிய எழுத்துக்கு, மேலே புள்ளியிலிருந்து கீழே இறங்கும் கோடு வரைக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து 16 பிக்செல் உயரம்தான் கிடைக்கும். ஆங்கிலம் அதில் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். நமக்கு மூன்று சுழி ண-வும் இரண்டு சுழி ன-வும் ஒரே பூச்சாகிவிடும். 'கி'-க்கும் 'கீ'-க்கும் நடுவில் இருப்பது ஒரு சின்ன வளையம், அது முதலில் காணாமல் போகும். ஒற்றின் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று நானே திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருக்கிறேன். எனக்கு அது பிழைப்பு, உங்களுக்கு அது தலைவலி.

அதே பத்து அங்குலத்தில் 1920 x 1200 என்றால் அங்குலத்துக்கு 224 பிக்செல். அந்த எழுத்துக்கு 24 பிக்செல் உயரம் கிடைக்கும், சுழிகள் பிரிந்து நிற்கும். பத்து அங்குலத்தில் படிக்க வாங்குபவர்கள் இதற்குக் கீழே இறங்கவே கூடாது. பதினொரு அங்குலத்திலும் இதே 1920 x 1200 வருகிறது, அங்கே 206 ஆகும், அதுவும் பரவாயில்லை. ஒரே ஒரு சமாதானம்: டேப்லெட்டைக் கிடையாகத் திருப்பினால் பத்து அங்குலத்தில் ஏ4 பக்கத்தின் அகலம் முழு அளவிலேயே வரும், பாதிப் பக்கம் தெரியும், மீதியைத் தள்ளிப் படிக்கலாம். வேலைக்கு வரும் பிடிஎஃப்களை நான் இப்படித்தான் பார்க்கிறேன். விளம்பரத்தில் 'எச்டி' என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் அது 1280 x 800 தான். எண்ணைத் தேடிப் பாருங்கள், பெயரை நம்பாதீர்கள்.

கடையில் கையில் கிடைத்தால் இன்னும் ஒன்று செய்யலாம். உங்கள் போனில் ஒரு தமிழ் பிடிஎஃப் பக்கத்தை வைத்துக்கொண்டு போய், அதே கோப்பை அந்த டேப்லெட்டில் முழுப் பக்கமாகத் திறக்கச் சொல்லுங்கள். பிறகு திரையை நான்கு பக்கமும் சாய்த்துப் பாருங்கள். சாய்க்கும்போது கறுப்பு வெளுத்தாலோ நிறம் திரும்பினாலோ அது ஐபிஎஸ் வகைத் திரை இல்லை. படுத்துக்கொண்டு படிக்கிற யாருக்கும் அது ஆகாது.

சரி, இரண்டாவது டேப்லெட்டின் கதைக்கு வருகிறேன். திரை நன்றாக இருந்தது, 1920 x 1200. கடைக்காரர் யூடியூபில் ஒரு காட்டுக் காட்சியை ஓட்டிக் காட்டினார், இலையின் நரம்புகூடத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து நெட்ஃபிளிக்ஸ் போட்டேன். முகங்கள் எல்லாம் கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி. இணையம் மெதுவோ என்று இரண்டு நாள் ரவுட்டரைத் திட்டினேன். அம்மா மூக்குக் கண்ணாடியை இரண்டு முறை துடைத்துவிட்டு, "இது பழைய படமா?" என்று கேட்டார். போன வருடத்துப் படம்.

காரணத்தின் பெயர் வைட்வைன். சந்தா கட்டிப் பார்க்கும் படங்கள் திருட்டுப் போகாமல் இருக்க ஆண்ட்ராய்டில் போடப்படும் பூட்டு அது. கருவிக்குக் கருவி அதற்கு நிலைகள் உண்டு. எல்1 என்றால் பூட்டைத் திறப்பதும் படத்தைப் பிரிப்பதும் பிராசசரின் பாதுகாக்கப்பட்ட தனி இடத்தில் நடக்கிறது. எல்3 என்றால் எல்லாம் வெறும் மென்பொருளில். நெட்ஃபிளிக்ஸ் மாதிரியான சேவைகள் எல்3 கருவிகளுக்கு எச்டி தருவதில்லை, 480 வரித் தரத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சந்தா எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அவ்வளவுதான். யூடியூபின் சாதாரண வீடியோக்களுக்கு இந்தப் பூட்டு கிடையாது. அதனால்தான் கடையில் எல்லா டேப்லெட்டும் அழகாகத் தெரிகிறது.

பார்ப்பது எப்படி? டிஆர்எம் இன்ஃபோ என்று ஓர் இலவச ஆப் இருக்கிறது. அதில் வைட்வைன் பகுதியில் பாதுகாப்பு நிலை எல்1 என்று வர வேண்டும். அதைவிட நம்பகமானது, நெட்ஃபிளிக்ஸ் ஆப்பின் செட்டிங்ஸில் உள்ள பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன். அதிகபட்சத் தரம் எஸ்டியா (சாதாரணத் தரம்) எச்டியா என்று அதிலேயே எழுதியிருக்கும். எல்1 இருந்தும் அந்தச் சேவை தன் பட்டியலில் உங்கள் கருவியைச் சேர்க்காவிட்டால் எச்டி வராது, ஆகவே இந்த இரண்டாவது இடத்தைப் பார்த்துவிடுவது நல்லது. பிளே ஸ்டோரில் நெட்ஃபிளிக்ஸ் தேடியும் கிடைக்கவில்லை என்றால் இன்னும் மோசம்: கூகுளின் சான்று இல்லாத கருவியாக இருக்கலாம். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில், அபவுட் என்ற இடத்தில், பிளே ப்ரொடெக்ட் சான்று இருக்கிறதா இல்லையா என்று போட்டிருக்கும். அமேசானின் ஃபயர் டேப்லெட்டுகள் தனி ஜாதி. அவற்றில் பிளே ஸ்டோரே வராது, அமேசானின் ஆப்ஸ்டோர்தான். நீங்கள் படிக்கும் ஆப் அதில் இருக்கிறதா என்று முன்பே தேடிக்கொள்ளுங்கள்.

படிக்கவும் படம் பார்க்கவும் பெரிய பிராசசர் தேவையில்லை. கேமராவைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆனால் ரேம் 4 ஜிபிக்குக் குறையக் கூடாது. 2, 3 ஜிபி உள்ளவற்றில் புத்தகத்திலிருந்து அகராதிக்குப் போய்த் திரும்பி வந்தால் புத்தகம் மூடிக் கிடக்கும், பக்கத்தைத் திரும்பத் தேட வேண்டும். பெட்டியில் '8 ஜிபி' என்று பெரிதாகவும், பக்கத்தில் பொடியாக '4+4' என்றும் இருந்தால் நான்குதான் நிஜம். மற்ற நான்கு, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கி ரேம் என்று பெயர் வைத்தது. 32 ஜிபி சேமிப்பிடம் என்றால் ஆண்ட்ராய்டே அதில் நல்ல பங்கை எடுத்துக்கொள்ளும். மெமரி கார்டு போட இடம் இருந்தால் புத்தகங்களையும் இறக்கிய படங்களையும் அதில் தள்ளிவிடலாம்.

வைஃபை இல்லாத இடத்தில் பார்ப்பவர்கள் டேட்டாவையும் கணக்கில் எடுக்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி வரை, எச்டியில் 3 ஜிபி வரை போகும். டேப்லெட்டுக்குத் தனி சிம் என்று கூடுதல் காசு கொடுக்க நான் சொல்லமாட்டேன், போனின் ஹாட்ஸ்பாட் போதும்.

பேட்டரி விஷயத்தில், கொள்ளளவைச் சொல்லும் எம்ஏஎச் எண்ணைவிட சார்ஜர்தான் எரிச்சல் தரும். 7000 எம்ஏஎச் பேட்டரிக்கு 10 வாட் சார்ஜர் என்றால் முழுதாக ஏற மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். தூங்கும்போது போட்டுவிடும் பழக்கம் உள்ளவருக்கு இது பிரச்சினையே இல்லை. ஒலிக்கு, கிடையாகப் பிடித்தபோது இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரே பக்கம் இருந்தால் கை அதை மூடிவிடும்.

ஆண்ட்ராய்டின் வயதையும் கேளுங்கள். எந்தப் பதிப்பு என்பது ஒன்று, செட்டிங்ஸில் பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதியோடு நின்றிருக்கிறது என்பது இன்னொன்று. தேதி ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் அந்த நிறுவனம் அதைக் கைகழுவிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பழைய பதிப்புகளுக்கு ஆப்கள் ஒவ்வொன்றாக விடை கொடுத்துவிடும். என் முதல் டேப்லெட் கடிகாரமானது இப்படித்தான். முதலில் படம் காட்டும் ஆப் போனது, அடுத்து புத்தக ஆப், கடைசியில் நேரம் காட்ட மட்டும் சம்மதித்தது.

இதே காசுக்கு, நல்ல திரை உள்ள பழைய டேப்லெட்டை இரண்டாம் கையாக வாங்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கலாம், பேட்டரி தேய்ந்திருக்கும் என்று தெரிந்தே வாங்க வேண்டும். கொடுப்பவர் உங்கள் கண் முன்னாலேயே தன் கூகுள் கணக்கை நீக்கி, செட்டிங்ஸ் வழியாக ரீசெட் செய்து தரட்டும். இல்லாவிட்டால் அவருடைய பாஸ்வேர்டு இல்லாமல் அது உங்களுக்குத் திறக்காது.

புதிதாக வாங்கிய முதல் ராத்திரியே மூன்றையும் பார்த்துவிடுங்கள்: ஒரு தமிழ் பிடிஎஃப் முழுப் பக்கமாக, வைட்வைன் நிலை, விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரப் படம். இருட்டில் திரையின் குறைந்தபட்ச வெளிச்சமே கண்ணைக் குத்துகிறதா என்பது கடையில் தெரியாது. திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை பெட்டியில் வந்த எதையும் தூக்கிப் போடாதீர்கள். இரண்டாவதைத் திருப்பப் போனபோது கேபிளைச் சுற்றியிருந்த கட்டுக்கம்பியைக்கூடக் கேட்டார்கள். நல்லவேளை, அம்மா அதை எடுத்து ஒரு பொட்டலத்தைக் கட்டிவைத்திருந்தார்.