பச்சோந்திக் கூண்டு: டெல்டா வெயிலுக்கு எந்த பல்பு, எவ்வளவு நேரம்?

பச்சோந்தி வளர்ப்பதற்குக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. வீட்டுக்குள்ளேயே குளிர் அடிக்கும் ஊரில் சூடு தரும் பல்புதான் முதல் கவலை. கும்பகோணத்தில் அதை அப்படியே மாட்டி வைத்தால் கத்திரி வெயில் முடிவதற்குள் பச்சோந்தி செத்துப்போகும். இங்கே காசும் கவனமும் போக வேண்டியது புற ஊதா ஒளிக்கு. சூட்டு பல்பு மழைக்காலத்துப் பண்டம். நான் எலக்ட்ரீஷியன், வீட்டில் ஒரு ஆண் வெய்ல்டு பச்சோந்தி இருக்கிறது. ஏமன், சவூதிப் பக்கத்து இனம். அதற்குச் செய்ததைத்தான் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வேலியிலும் கருவை மரத்திலும் திரிகிற பச்சோந்தி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவது. அதைப் பிடிக்கவும் கூடாது, வளர்க்கவும் கூடாது. வெளிநாட்டு இனம் என்றாலும் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பில்லும் பதிவும் இல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

சரி, விளக்குக்கு வருவோம். புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகும். அது இல்லாவிட்டால் தீனியில் எவ்வளவு கால்சியம் தூவினாலும் எலும்பில் சேராது, கால் வளைந்துவிடும். வீட்டு எல்.இ.டி. பல்பிலும் சாதா ட்யூப் லைட்டிலும் இந்தக் கதிர் கிடையாது. ஊர்வனவற்றுக்கென்றே வருகிற டி5 ஹெச்.ஓ. குழல்விளக்கு (ஒல்லியான, அதிக ஒளி தருகிற ரகம்), புற ஊதா பி 5 அல்லது 6 சதவீதம் என்று போட்டது வாங்குங்கள். சுருள் வடிவ சின்ன பல்பு விலை மலிவு, ஆனால் வீச்சு ஒரு கைப்பிடி இடத்துக்குத்தான். கூண்டு இரண்டடி அகலம் என்றால் குழலும் கிட்டத்தட்ட அந்த நீளம் இருக்கட்டும். வலைக்கு மேலே வைத்து, கிளையில் உட்கார்ந்திருக்கும் பச்சோந்தியின் முதுகுக்கும் குழலுக்கும் நடுவே சுமார் 20 செ.மீ. விடுங்கள். வலையே மூன்றில் ஒரு பங்கு கதிரைத் தின்றுவிடும், அதையும் சேர்த்துச் சொன்ன கணக்கு இது. நடுவில் கண்ணாடி வந்தால் ஒன்றுமே இறங்காது. காலை 6-க்கு எரிந்து மாலை 6-க்கு அணைகிற மாதிரி டைமர் போட்டுவிடுங்கள்.

முற்றம் உள்ள வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. காலை எட்டு மணி வெயிலில் கூண்டை அரைமணி நேரம் வைக்கலாம். எந்த விளக்கும் அதற்கு ஈடில்லை. ஆனால் பாதிக் கூண்டு நிழலில் இருக்க வேண்டும், கூண்டு நாலாபுறமும் வலையாக இருக்க வேண்டும், நீங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். காக்கை வரும், பூனை வரும். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைக்கவே வைக்காதீர்கள், சில நிமிடத்தில் உள்ளே வெந்துவிடும்.

சூட்டுக்கு ஒரே ஒரு கணக்கு. பகலில் ஓய்வெடுக்கும் கிளையில் வளர்ந்த ஆணுக்கு 29 முதல் 32 டிகிரி, பெண்ணுக்கும் குட்டிக்கும் 27, 28 போதும். கூண்டின் கீழ்ப்பக்கம் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பங்குனியிலிருந்து ஆவணி வரை எங்கள் அறையே 30-ஐத் தாண்டுகிறது. அந்த மாதங்களில் சூட்டு பல்பு வேண்டவே வேண்டாம், கழற்றி வைத்துவிடுங்கள். மாடி அறையிலும் கூண்டை வைக்காதீர்கள், தளம் ராத்திரி பதினொரு மணி வரை அனலைக் கக்கும். பச்சோந்தி வெளிறிப்போய் வாயைத் திறந்து வைத்திருந்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். உடனே கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் தெளியுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், மே மாதம் மதியம் மாடித் தொட்டியிலிருந்து வருவது கையைச் சுடும். பானைத் தண்ணீரை எடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கதை மாறும். நாலைந்து நாள் வெயிலே தெரியாது. பச்சோந்தி உடம்பைத் தட்டையாக்கி, ஒரு பக்கத்தைக் கருப்பாக்கி வெளிச்சத்துக்குக் காட்டும். அதற்குக் குளிர்கிறது என்று அர்த்தம். அப்போது காலை 8 முதல் 11 வரை ஒரு 40 வாட் குண்டு பல்பு போதும். வலையின் மேல் அப்படியே வைக்காமல் நாலு அங்குலம் தூக்கிக் கட்டுங்கள். தலைகீழாக வலையில் தொற்றிக்கொண்டு தலைக் கொண்டையைச் சுட்டுக்கொள்ளும், சுடுவது அதற்குச் சட்டென்று உறைக்காது. உள்ளங்கையை வைத்துப் பார்ப்பதை நம்பாதீர்கள். கிளையில், முதுகு இருக்கும் உயரத்தில், தெர்மாமீட்டரின் முனையைக் கட்டி வையுங்கள்.

இனி என் தொழில் சங்கதி. தண்ணீர் தெளிக்கும் இடத்தில் மின்சாரம் ஓடுகிறது, விளையாட்டல்ல. சூட்டு பல்புக்கு பீங்கான் ஹோல்டர்தான், பிளாஸ்டிக் இளகிவிடும். கடையில் வாங்குகிற செல்லப்பிராணி பல்பு பெரும்பாலும் மரை வைத்தது, வீட்டு ஹோல்டர் பின் வைத்தது, பார்த்து வாங்குங்கள். வயர் பிளக்குக்கு வரும் முன் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும், வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. அந்த லைனில் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி., அதாவது மின்சாரம் கசிந்தால் தானே அணைந்துவிடும் ஸ்விட்ச், கட்டாயம். பழைய ஓட்டு வீடுகளில் எர்த் இருக்கிறதா என்று ஆள் வைத்துப் பாருங்கள். எரிகிற பல்பின் மேல் தண்ணீர் அடித்தால் வெடிக்கும், அணைத்து ஆறவிட்டு அப்புறம் தெளியுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் முழுக்க கரண்ட் போனால் பதற வேண்டாம். ஒரு நாள் விளக்கில்லாமல் ஒன்றும் ஆகாது. இன்வெர்ட்டரில் குழல்விளக்கை மட்டும் விடுங்கள்.

ராத்திரி எந்த விளக்கும் கூடாது, சிவப்பு பல்பும் கூடாது. அதற்கும் வெளிச்சம் தெரியும், தூக்கம் கெடும். மார்கழி ராத்திரியில் 21, 22 டிகிரிக்கு இறங்குவது அதற்கு நல்லது. வெந்நீர்ப் பை, ஹீட்டர் எதுவும் வேண்டாம்.

குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் ஒரு வருடத்தில் புற ஊதா தேய்ந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. மாட்டிய தேதியை அதன் ஓரத்தில் மார்க்கரால் எழுதி வைத்து, அடுத்த வருடம் அதே மாதம் மாற்றுங்கள்.