அனலாக் மீட்டரில் முள் ஜீரோவுக்குத் திரும்பவில்லையா? முதலில் மூடியைக் கவனியுங்கள்

மல்டிமீட்டரின் முகப்பைப் பளிச்சென்று துடைத்து வைக்கிறீர்கள், புரோப் இரண்டும் எதிலும் படவில்லை, ஆனாலும் முள் ஜீரோவை விட்டு விலகியே நிற்கிறது. உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முள்ளை ஜீரோவுக்கு நகர்த்த முகப்பில் இருக்கும் ஜீரோ ஸ்க்ரூவைத் திருகிவிடாதீர்கள். பெரும்பாலும் மீட்டருக்கு ஒன்றும் ஆகியிருக்காது, முள்ளுக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியில் நிலைமின்சாரம் ஏறியிருக்கும்.

உலர்ந்த துணியால் தேய்த்தாலே பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் வந்துவிடும், அது மின்சாரத்தைக் கடத்தாத பொருள் என்பதால் வந்த மின்னேற்றம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். அதற்குக் கீழேயே இறகு போல லேசான ஒரு முள். 50 மைக்ரோஆம்பியர் என்ற மிகச் சிறிய மின்னோட்டத்திலேயே முள் முழு அளவுக்கும் ஓடக்கூடிய மீட்டர் என்றால் முள்ளைப் பின்னுக்கு இழுக்கும் ஹேர்ஸ்பிரிங் எவ்வளவு மென்மையாக இருக்கும் என்று பாருங்கள், மூடியின் ஈர்ப்பு அதைச் சுலபமாக வென்றுவிடும். காற்று வறண்டிருக்கும் நாட்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

முதல் வேலை, மீட்டரை சர்க்யூட்டிலிருந்து முழுவதும் கழற்றுவது. பேனலில் பொருத்திய மீட்டராக இருந்தால் மின் இணைப்பைத் துண்டித்த பிறகுதான் கை வைக்க வேண்டும், இதில் சமரசமே கூடாது.

அடுத்து, நிலைமின்சாரம்தானா என்று உறுதி செய்யுங்கள். மூடிக்கு மேலே விரலை மெதுவாக இங்கும் அங்கும் நகர்த்துங்கள். விரல் போகும்போது முள்ளும் அசைந்தால் சந்தேகமே வேண்டாம். மூடியின் மேல் மூச்சின் ஆவி படியும்படி வாயால் ஊதிப் பாருங்கள், அந்த மெல்லிய ஈரம் படர்ந்ததும் முள் சரக்கென்று ஜீரோவுக்கு வந்துவிடும். ஆனால் ஈரம் காய்ந்ததும் துணியை எடுத்துத் தேய்த்தால் மறுபடியும் பழைய கதைதான்.

கொஞ்சம் நாள் தாங்க வேண்டுமென்றால் பாத்திரம் கழுவும் லிக்விடில் ஒரு சொட்டை அரை டம்ளர் தண்ணீரில் கலந்து, அதில் மெல்லிய துணியை நனைத்து, சொட்டாத அளவுக்கு நன்றாகப் பிழிந்து மூடியின் மேல் மட்டும் பூசுங்கள். தண்ணீரை நேராக மீட்டரில் தெளிக்காதீர்கள், ஜீரோ ஸ்க்ரூ இருக்கும் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும். பூசிய பிறகு துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள், முக்கியமான விஷயமே இதுதான், ஏனென்றால் மேலே தங்கும் சோப்புப் படலம் காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மின்னேற்றம் ஓரிடத்தில் சேராமல் கசியவிடும். ஆன்டி-ஸ்டாட்டிக் ஸ்பிரே கையில் இருந்தால் அதையும் துணியில் அடித்துப் பூசலாம். தின்னர், ஸ்பிரிட் பக்கம் மட்டும் போகவே வேண்டாம், அக்ரிலிக் மூடி வெடிப்பு விட்டு மங்கிப்போகும்.

காய்ந்த பிறகு, மீட்டரை எந்த நிலையில் வைத்துப் பயன்படுத்துவீர்களோ அதே நிலையில் வைத்து, விரலால் லேசாகத் தட்டிவிட்டு முள்ளைப் பாருங்கள். இன்னமும் கொஞ்சம் விலகியிருந்தால் இப்போது ஜீரோ ஸ்க்ரூவைத் திருகலாம். முன்னாலேயே திருகியிருந்தால் மின்னேற்றம் போன பிறகு முள் எதிர்ப்பக்கம் போய் நின்றிருக்கும், எடுக்கிற ஒவ்வொரு அளவும் தப்பாகியிருக்கும்.

இவ்வளவு செய்தும் முள் ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறது, விரலுக்கும் அசையவில்லை என்றால் கோளாறு உள்ளே இருக்கிறது: முள்ளை அசைக்கும் கம்பிச்சுருள் சுழலும் காந்த இடைவெளியில் இரும்புத் துகள் சிக்கியிருக்கலாம், முள் வளைந்திருக்கலாம், இல்லை முள் சுழலும் அச்சுமுனையான பிவட் தேய்ந்திருக்கலாம். அதைத் திறப்பது புதிதாகப் பழகுகிறவர்களுக்கான வேலை இல்லை, மீட்டர் ரிப்பேர் தெரிந்தவரிடமே கொடுத்துவிடுங்கள்.